வீடு போன தட்டுகள்

திருவிழாத் திருப்பலி முடிந்து சனம் மொத்தமும் கோயில் மைதானத்துப் பந்தலுக்குள் நுழைந்தபோது, எல்லாரும் பிரியாணி அண்டாக்களைப் பார்த்தார்கள். ஃபெமினா மட்டும் தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூவாயிரம் எவர்சில்வர் தட்டுகள். நீளமான மேசைகளில் அடுக்கடுக்காக நின்று, பக்கவாட்டில் விழுந்த வெயிலை வாங்கிப் பந்தலின் துணிக்கூரைக்கு எறிந்துகொண்டிருந்தன. கூரை முழுக்க வெள்ளி மீன்கள் மெதுவாக நீந்துவது போல இருந்தது அவளுக்கு.

"கனவு கண்டது போதும்டி, கரண்டிக்காரங்க கை கழுவிட்டாங்களான்னு பாரு" என்றாள் ஹரிதா.

கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த இருவரும் சேர்ந்து தொடங்கிய தொழிலின் பெயர் மறுபந்தி. விருந்து நடக்கும் இடத்துக்குத் தட்டும் டம்ளரும் வாடகைக்கு வரும். விருந்து முடிந்ததும் திரும்பிப் போய், இயந்திரத்தில் கழுவி, ஆவியில் காய்ந்து, அடுத்த விருந்துக்குக் கிளம்பும். கழுவிய தண்ணீரைச் சுத்தம் செய்து அதிலேயே மறுபடியும் கழுவுவார்கள். மிச்சம் மீதி சோறு மாநகராட்சியின் எரிவாயுக் கூடத்துக்குப் போகும். சிங்காநல்லூரில் மூடிக்கிடந்த தன் மில்லின் குடோனை ஹரிதாவின் அப்பா வெங்கடபதி கொடுத்திருந்தார். கொடுக்கும்போதே, "ஒரு சீசன் பாருங்க. ஓடலைன்னா லாரி ஆபீஸ்காரங்களுக்கு விட்டுருவேன், அப்பறம் மூஞ்சியத் தூக்கப்படாது" என்று சொல்லியும் வைத்திருந்தார்.

ஆக, இந்தத் திருவிழாவில் எல்லாமே அடங்கியிருந்தது. வார்டு சுகாதார ஆய்வாளர் ரங்கராஜும் அதையேதான் சொன்னார். "இங்க ஓடிக் காட்டுங்க அம்மணி. ஓடுச்சுன்னா என்ற வார்டுல இருக்கற அத்தனை மண்டபத்துக்கும் இதையே எழுதிக் குடுக்கச் சொல்லி மேல அனுப்புவேன். ஓடலைன்னு வெய்யிங்க, மண்டபக்காரங்க 'நாங்க அப்பவே சொன்னமே சார்'ம்பாங்க. பொறவு நான் வாயத் தொறக்க முடியாது."

தட்டுக்கு முன்பணம் வாங்க வேண்டும் என்று ஹரிதா கேட்டிருந்தாள். ஆளுக்கு ஒரு டோக்கன், தட்டைத் திருப்பித் தந்தால் பணம். திருவிழாக் குழுச் செயலாளர் சந்தியாகு அதைக் கேட்டுவிட்டுச் சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை.

"சமபந்தி விருந்துங்க இது. எந்தச் சாமியக் கும்பிடறவங்களும் வந்து உக்காருவாங்க. சோத்தயும் போட்டு சந்தேகத்தயும் போடச் சொல்றீங்களா கண்ணு?"

டோக்கன் யோசனை அதோடு போயிற்று.

விருந்து நன்றாகவே நடந்தது. "ஏனுங்க, தட்டு இத்தன கனமா இருக்குதே, சோறும் அதுக்குத் தக்கனதான் போடுவீங்களா?" என்று முதல் வரிசையிலேயே ஒருவர் கேட்க, பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். போன வருடம்வரை இந்நேரத்துக்கு மைதானம் காகிதத் தட்டுகளால் வெளுத்துப்போயிருக்கும். காற்றடித்தால் பாதி பள்ளிக்கூடச் சுவரைத் தாண்டிப் பறக்கும், மீதி லாரி ஏறி வெள்ளலூர்க் கிடங்குக்குப் போகும். இந்த வருடம் தொட்டிகளில் எலும்பும் வெங்காயத் தோலும்தான். தட்டை வைத்துவிட்டுக் கை கழுவப் போனவர்கள்கூட ஒருமுறை திரும்பி, சுத்தமாகக் கிடந்த தரையைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பந்தி ஓய்கிற சமயத்தில்தான் அந்தப் பெண் வந்து நின்றாள். கோயிலுக்குப் பின்சந்தில் குடியிருக்கும் கிருபாவதி, பம்ப் கம்பெனியில் வேலை செய்கிறவள்.

"ஏனுங்க, எங்க மாமனாரு கால ஒடிச்சுக்கிட்டுக் கட்டில்ல கெடக்கறாருங்க. வருசா வருசம் கவர்ல கட்டிக் குடுப்பாங்க. இந்த வருசம் கவரே கெடையாதுங்கறாங்க."

ஃபெமினாவுக்குச் சுருக்கென்றது. பிளாஸ்டிக் பை ஒன்றுகூட மைதானத்துக்குள் வரக் கூடாது என்று சொன்னதே அவள்தான். பந்தலுக்கு வருகிறவர்களை எல்லாம் கணக்கில் வைத்தாள். வர முடியாமல் வீட்டில் படுத்திருப்பவர்களை, ஷிப்டுக்குப் போனவர்களை, பிள்ளை பெற்றுக் கிடப்பவர்களை நினைக்கவேயில்லை. இந்த ஊரில் விருந்துச் சோறு எப்போதும் பாதி பந்தலிலும் பாதி வீடுகளிலுமாகத்தான் சாப்பிடப்படுகிறது. பிறந்ததிலிருந்து அதைப் பார்த்தவளுக்கே அது மறந்துபோயிருந்தது.

அவள் ஒரு தட்டு நிறையப் பிரியாணியைப் போட்டாள். அதன்மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்தாள். மேசை துடைக்க வைத்திருந்த புதுத் துண்டால் இரண்டையும் சேர்த்துக் கட்டிக் கையில் கொடுத்தாள்.

"தட்டு?" என்றாள் கிருபாவதி.

"பொறவு குடுங்க. ஒண்ணும் அவசரமில்லீங்க."

பின்னால் நின்றவர்கள் அதைப் பார்த்தார்கள். "எங்கூட்லயும் ஒருத்தரு இருக்கறாருங்க" என்றது ஒரு குரல். பரிமாறிய இளைஞர்கள் ஃபெமினாவைப் பார்த்தார்கள். அவளால் எப்படி இல்லை என்று சொல்ல முடியும்? கொஞ்ச நேரத்தில் தட்டுகள் ஜோடி ஜோடியாக வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. இடுப்பில், தலையில், ஸ்கூட்டரின் கால்வைக்கும் இடத்தில், பேருந்து ஜன்னலுக்குள்ளே நீட்டிய கையில்.

மறுநாள் குடோனில் எண்ணிப் பார்த்தபோது ஐந்தில் ஒரு பங்கு இல்லை.

"ஒண்ணும் அவசரமில்லீங்களா?" என்று ஹரிதா அவள் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். "ஞாயித்துக்கிழமை தாராபுரத்துல கல்யாணம். சனிக்கிழமை காலைல வேன் கெளம்பணும். இருக்கற தட்டு மொத்தமும் எழுதி வாங்கியிருக்காங்க. என்ன பண்ணப் போறே, கொறையறதுக்கு வாழை எல போடப் போறியா?"

"குடுப்பாங்கடி."

"யாரு? பேர் தெரியுமா? ஊடு தெரியுமா?"

ரங்கராஜ் போனில் கேட்டபோது ஃபெமினா மறைக்காமல் சொன்னாள். "சனிக்கிழமை நான் மேல அறிக்கை குடுக்கணுமுங்க. அதுக்குள்ள வந்தாத்தான் எனக்குப் பேச வாயி இருக்கும்" என்று மட்டும் அவர் சொன்னார்.

திங்கள் போனது. செவ்வாய் போனது. கோயில் அலுவலக மேசைமேல் ஒரு தட்டுகூட வந்து உட்காரவில்லை. கோயில் மைக்கில் அறிவிக்கலாம் என்றாள் ஹரிதா. சந்தியாகு வேண்டாமென்று தலையை ஆட்டினார். "மைக்ல சொன்னா அது வேற மாதிரிங்க கண்ணு. எங்க சனத்த எல்லாம் திருடங்கன்னு கூப்புட்ட மாதிரி ஆயிரும்." ஆனால் அவர் முகமும் சுருங்கித்தான் இருந்தது. தட்டைக் காணோம் என்பதைவிட, இந்தப் பேச்சு வந்துவிட்டதே என்பது அவரை அதிகம் வாட்டியது.

வியாழக்கிழமை சாயங்காலம் ஃபெமினா பின்சந்துக்குப் போனாள். அவளுக்குத் தெரிந்த ஒரே பெயர் கிருபாவதி. விசாரித்ததும் வீட்டைக் காட்டிவிட்டார்கள்.

கிருபாவதி வாசலுக்கு வந்தவள் திகைத்துப்போனாள். "அய்யோ, நீங்களே வரணுமுங்களா? உள்ள வாங்க, உள்ள வாங்க." கட்டிலில் இருந்த மாமனார் எழ முயன்று, கட்டுப் போட்ட காலை நினைத்துக்கொண்டு கும்பிட்டார். அலமாரியில், மாதா படத்துக்குக் கீழ் அடுக்கில், அந்த இரண்டு தட்டுகளும் பளபளவென்று தேய்த்துச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் அந்தத் துண்டு, துவைத்து, இஸ்திரி போட்டு, நான்காக மடித்து.

"தட்ட எடுத்துட்டுப் போக வந்தீங்களா?" கிருபாவதி சேலைத் தலைப்பைத் திருகினாள். "தப்பா நெனைச்சுக்காதீங்க. சனிக்கிழமைதானுங்க சம்பளம். கறிச்சோறு வந்த தட்ட வெறுந்தட்டா எப்படிங்க திருப்பிக் குடுக்கறது? ஞாயித்துக்கிழமை பூசைக்கு வரும்போது எதாச்சும் வாங்கிப் போட்டுக் கொண்டாந்து தரலாம்னு இருந்தேன். இந்தச் சந்துல அல்லாரும் அப்படித்தானுங்க வெச்சிருக்கறாங்க."

ஃபெமினா அந்த வீட்டு நடுவில் அப்படியே நின்றாள். இதுவும் அவளுக்குத் தெரியாத விஷயமா? அவள் அம்மா இன்றைக்கும் பக்கத்து வீட்டுக் கிண்ணத்தில் நாலு பச்சைமிளகாயாவது போடாமல் திருப்பிக் கொடுத்ததில்லையே. தொழில் திட்டம் எழுதினாள், தண்ணீர்க் கணக்கு எழுதினாள், தட்டு தேயாமல் எத்தனை வருடம் உழைக்கும் என்றுகூட எழுதினாள். தட்டு என்றால் இந்த ஊருக்கு என்ன என்பதை எழுத மறந்திருந்தாள். ஊர் மறக்கவில்லை. அந்த நினைப்பில் அவளுக்கு வெட்கமும் வந்தது, அதற்குமேல் ஒரு பெருமையும் வந்தது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருந்தால் தாராபுரம் பந்தியில் தட்டு இருக்காது. வெறுமையாகக் கொடுங்கள் என்று கேட்பதும் இந்த வீட்டின் மரியாதையைக் கழற்றித் தரச் சொல்வது போலத்தான். யோசித்துவிட்டு உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை தாராபுரத்துல ஒரு கல்யாணமுங்க. இந்தத் தட்டுலதான் அங்க பந்தி. சனிக்கிழமை காலைலயே வண்டி ஏறணும்."

"கல்யாணத்துக்குங்களா?" கிருபாவதியின் முகமே மாறிவிட்டது. "மொதல்லயே ஒரு சொல்லுச் சொல்லப்படாதுங்களா? கல்யாண ஊட்டுத் தட்டப் போயி நாங்க பூட்டி வெச்சிருக்கறமே." நேராக அடுப்படிக்குப் போய் அஸ்கா டப்பாவைத் திறந்து, ஒரு பிடி சர்க்கரையை அள்ளித் தட்டில் போட்டாள். "இத்தனைதான் இருக்குது. நல்லது நடக்கற எடத்துக்கு இது போதுமுங்க. சந்துக்குள்ள நான் சொல்லிப்போடறேன். நாளைக்குச் சாயங்காலம் கோயிலுக்கு வாரோம்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சந்தியாகு யாரிடமும் கேட்காமல் மேசைகளை இழுத்துப் போட்டு, விருந்துக்குப் போடுகிற வெள்ளைத் துணியை விரித்துவைத்தார். தட்டில் வருவதைக் கொட்டிவைக்க ஹரிதா பாதி நம்பிக்கையோடு இரண்டு காலி டிரம் கொண்டுவந்திருந்தாள். பூசை மணி அடிக்கும் முன்பே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

பின்சந்திலிருந்து மட்டுமல்ல; சேதி வாய்வழியே தெருத் தெருவாகப் பரவியிருந்தது. மசூதித் தெருவிலிருந்து ஒரு பெண் பேரீச்சம்பழம் போட்டுக் கொண்டுவந்தாள். தறிக்கூடத்துக்காரர் ஒருவர் தட்டு நிறைய நிலக்கடலை. ஒருவர் தன் வாசல் மரத்து முருங்கைக்காய்களை முறித்து அடுக்கியிருந்தார். அரிசி, துவரம்பருப்பு, ஒரு கட்டி வெல்லம், இரண்டு எலுமிச்சை. ஒரு தட்டில் ஒரே ஒரு முட்டை, உருளாமல் இருக்க நான்கு பக்கமும் நெல்லால் அணைபோட்டு. கொண்டுவந்தவர், "இன்னைக்கு இட்டதுங்க" என்றார் கௌரவமாக.

ஹரிதாவின் டிரம்கள் நிறைந்தன. சந்தியாகு வேட்டித் துணி விரித்து அதில் கொட்டச் சொன்னார்.

ரங்கராஜ் வந்தபோது ஹரிதா மூன்றாவது முறையாக எண்ணிக்கொண்டிருந்தாள்.

"எத்தன கொறையுதுங்க?"

"கொறையலீங்க சார். கூட இருக்குது."

"கூடன்னா?"

அவள் ஒரு தட்டை எடுத்து நீட்டினாள். விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது: சகாயமேரி – லூர்துராஜ், திருமண நாள் அன்பளிப்பு. இன்னொன்றில் ஒரு நூற்பாலைத் தொழிலாளர் சங்கத்தின் பெயர். தட்டு நசுங்கிப்போனவர்கள், ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்தவர்கள் அதற்குப் பதில் தங்கள் வீட்டுத் தட்டையே வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒன்றுக்கு இரண்டாக வைத்தவர்களும் உண்டு. சந்தியாகு எவ்வளவு சொல்லியும் யாரும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. "இருக்கட்டுமுங்க, ஊட்ல சும்மாதான கெடக்குது. நாலு பேரு சாப்புடட்டும்" என்று போய்விட்டார்கள்.

ரங்கராஜ் கல்யாணப் பத்திரிகை படிப்பது போல அந்த விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் படித்தார். "இத அறிக்கையில எந்தக் கட்டத்துலங்க எழுதறது?"

"அதெல்லாம் எழுதிக்கலாம் சார்" என்றாள் ஃபெமினா. "ஆனா தட்டு மட்டும் பத்தாதுன்னும் எழுதுங்க. ஊட்டுக்குச் சோறு போகாத விருந்து நம்மூர்ல இல்லீங்க. மூடி போட்ட தூக்குப்போசி வேணும். அத வாங்கற சக்தி எங்களுக்கு இல்ல."

"போசிக்கு மாநகராட்சிய நான் கேக்கறேன். கவர அள்ளறதுக்குச் செலவு பண்றத இதுக்குப் பண்ணட்டும். கழுவறது நீங்க." அவர் ஹரிதா பக்கம் திரும்பினார். "முன்பணம், டோக்கன்னு என்னமோ சொன்னீங்களே அம்மணி, அதையும் சேத்துக்கலாங்களா?"

ஹரிதா ஃபெமினாவைப் பார்க்காமலே சொன்னாள்: "அது வேண்டாமுங்க சார்."

சேர்ந்த அரிசியும் பருப்பும் சந்தியாகு வழியாக முதியோர் இல்லத்துக்குப் போயின. கிருபாவதியின் சர்க்கரை மட்டும் ஒரு சின்னப் பொட்டலமாகத் தாராபுரம் போகிற பெட்டியில் ஏறியது.

சனிக்கிழமை காலையில் வேனில் தட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது வெங்கடபதி வந்தார். டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார். கழுவும் இயந்திரத்தை, தண்ணீர்த் தொட்டியை, கடைசியாகக் கூரையை.

"மழைக்கு முன்னால இந்த ஒடஞ்ச ஓடெல்லாம் மாத்தோணும்" என்றார் மகளிடம். "திங்கக்கிழமை ஆள அனுப்பறேன். கூரைல ஏறும்போது தட்ட எல்லாம் மூடி வெய்யிங்க, தூசி உழுகும்."

அவர் போனதும் ஹரிதா ஒரு கை நிறையத் தட்டுகளோடு வேனருகே நின்றாள். "பேர் வெட்டுனதத் தனியா வெச்சுரட்டுமா? கல்யாணக்காரங்க யாரோட தட்டுன்னு கேக்கப் போறாங்க."

"கேட்டாச் சொல்லுவோம்" என்றாள் ஃபெமினா. "ஏத்து."