எண்ணெய் போடாத பெடல்

டிரைவிங் ஸ்கூல் டீச்சருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது தெருவுக்கே தெரியும். அவள் கணவனுக்கு மட்டும் அவ்வப்போது மறந்துவிடும். புது ஸ்பீக்கர் வாங்கிய குஷியில், வீட்டில் போடவே கூடாத அந்த ஆல்பத்தைப் போட்டுவிட்டான்.

அவளுடைய அண்ணன் பாடிய இண்டி ராக் ஆல்பம் அது. நாலு பேர் ஒரு கார் ஷெட்டில் பதிவு செய்தது. இன்று கிளாசிக் என்று தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். டிரம்ஸ் வாசித்தது அவள். ஆனால், பதிவு முடிந்த பிறகு, "உனக்குத் தாளம் நிக்கலம்மா. உன்னோடத அழிச்சிட்டு, அதே மாதிரி வேற ஒருத்தன வாசிக்க வெச்சிட்டோம்" என்றான் அண்ணன். ஆல்பத்தின் அட்டையில் அந்த வேறொருவனின் பெயர் வந்தது. அவள் அழுதுவிட்டு டிரம்ஸை விற்றாள். பெரிய டிரம்மை அடிக்கக் காலால் மிதிக்கிற பெடலை மட்டும் யாரும் வாங்கவில்லை. மிதித்தால் கிறீச்சிடும். அது பரணில் கிடந்தது.

"ஆஃப் பண்ணுங்க."

"ஒரே ஒரு பாட்டு. இது லாஸ்லெஸ். பதிவு பண்ணதுல ஒரு துளி கூட வெட்டல. அவங்க மூச்சு விடறது கூடக் கேக்குது."

"நான் பேசறது மட்டும் கேக்கல."

அவள் சுவிட்சை நோக்கிப் போனபோது கிட்டார்கள் அடங்கின. டிரம்ஸ் மட்டும் தனியாக ஒலித்தது. ஒவ்வொரு பெரிய அடிக்கும் முன்னால் ஒரு சின்னக் கிறீச். அவளுடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. அழித்ததாகச் சொன்ன எதையும் அழிக்கவில்லை. இத்தனை வருடம் ஊரார் தாளம் போட்டது அவள் காலுக்கு. அவளோ, தாளம் நிற்காதவள் என்று தன்னைத் தானே சபித்துக்கொண்டு, கண்டவனுக்கும் கிளட்ச் மிதிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"ரெண்டாவது பாட்டுல பெடல் கிறீச்சுங்குது."

"அதுக்கு எண்ணெய் போடுன்னு அப்பவே தலையால அடிச்சுக்கிட்டேன். நீ எங்க கேட்ட?"

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

"அட்டையில அவன் பேரு இருந்தாத்தான் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடுவோம்னு ரெக்கார்ட் கம்பெனில சொல்லிட்டாங்கம்மா."

"பேரை எடுத்த, சரி. தாளம் நிக்கலன்னு ஏண்டா சொன்ன?"

வாழ்நாளில் முதல்முறையாக அண்ணனை 'டா' போட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் போனை வைத்தாள்.

"பரண்ல இருக்கிற பெடலை இறக்குங்க" என்றாள்.

கணவன் ஸ்டூலைத் தேடி ஓடினான். "எண்ணெய் எடுத்துட்டு வரட்டுமா?"

"எண்ணெயத் தொட்டீங்க, கைய ஒடிச்சிடுவேன்."