மூன்று பேர் என்று சொன்ன வீடு

"இந்த வீட்டில எத்தனை பேர் அக்கா? பதிவு செய்ய வந்தனாங்கள்."

கதவடியில் நின்ற சிவானிக்கு இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். பல்கலைக்கழகத்தில் வெள்ளத்தை ஆராய்கிறவள். அவளுக்குப் பதிவு என்பது ஒரு சொல், அவ்வளவுதான். ரதிக்கு அப்படியா? சண்டைக் காலத்தில் இதே வெள்ளவத்தையில், லொட்ஜில் தங்கியிருந்த அவள் அண்ணனைப் பதிவுக்கு என்றுதான் பொலிஸ்காரர்கள் கூட்டிக்கொண்டு போனார்கள். குளியலறைச் செருப்போடு போனவன் போனவன்தான்.

"மூண்டு பேர்." வாய் முந்திக்கொண்டது. "நான், அவர், மகள் மேனகா."

அந்த நேரம் பார்த்துப் பின்னறையில் நாலாவது ஆள் பெரிதாய்க் குறட்டை விட்டான். ரதி கதவை மறித்து நின்றாள்.

"அவர்தான். சுகமில்லை, படுத்திருக்கிறார்" என்றாள். அவர், அதாவது கணவன் கஜேந்திரன், அந்நேரம் புறக்கோட்டைக் கடையில் யாருக்கோ சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

கூட வந்தவன் ஷிஹான், நகரத் திட்டமிடல் அலுவலகத்து அதிகாரி. அவன் முகத்தில் சந்தேகம் ஒன்றும் இல்லை. "பயப்பட வாணாம் அக்கா. கால்வாய் பெருகினா எந்த வூட்டுல எத்தின பேரு ஈக்கிறாங்கன்னு தெரியணுமே. போட் அனுப்பத்தான்."

"முந்தி நாங்கள் ஆராய்ஞ்சு எழுதுவம், ஒருத்தரும் வாசிக்கிறேல்லை" என்றாள் சிவானி. சொல்லும்போதே முகம் மலர்ந்தது. "இப்பதான் முடிவெடுக்கிற ஆக்களோட ஒண்டா இருந்து செய்யிறம். பம்ப் எங்க வைக்கிறது, எந்தச் சதுப்பு நிலத்தை நிரப்பாமல் விடுறது, எல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கிறம்."

நல்ல காரியம்தான். யார் இல்லையென்றது? ரதி இருவருக்கும் தேத்தண்ணிகூடக் கொடுத்தாள். மூன்றை மட்டும் நாலாக்கவில்லை.

நாலாவது ஆள் அவளுடைய தம்பி பிரதீஸ். அடையாள அட்டையில் இன்னும் கிளிநொச்சி விலாசம்; சண்டை நடந்த ஊர், பார்த்தாலே சந்தேகப்படுவார்கள். கொட்டாஞ்சேனையில் ஒரு களஞ்சியத்தில் இரவு வேலை. பகலெல்லாம் கும்பகர்ணத் தூக்கம். ஒடுங்கிய அந்த ஒழுங்கையின் பள்ளமான முனையில், கால்வாயை ஒட்டி, தெருவைவிடத் தாழ்வாக இருந்தது அந்த வாடகை வீடு. பின்னறை யன்னலுக்கு இரும்புக் கம்பி போட்டிருந்தது.

வந்தவர்கள் போன பிறகும் ரதிக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. திரும்பவும் பார்க்க வந்தால்? பொய் சொன்னது பிடிபட்டால், ஏன் மறைத்தாய் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பின்னால் என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். அன்று பின்னேரமே காலி வீதிக் கடையொன்றில் ஒரு பூட்டு வாங்கினாள். அதற்குப் பிறகு வேலைக்குப் போகும்போதெல்லாம் பின்னறையை வெளியே பூட்டிவிட்டுப் போனாள்.

"அக்கா, நான் என்ன கோழியே, கூட்டில அடைக்கிறதுக்கு?" என்று சிரித்தான் பிரதீஸ். "சண்டை முடிஞ்சு எவ்வளவு காலம்! உனக்கு விசர்."

"விசர் எண்டே வைச்சுக்கொள். பூட்டிக் கிடந்தால் சாமான் அறை எண்டு நினைப்பினம்."

அவன் விட்டுக்கொடுத்தான். இரவெல்லாம் மூட்டை தூக்கியவனுக்குப் படுக்க இடம் கிடைத்தால் போதும்.

மழை பிடித்த கிழமை அது. ஒரு நாள் பகல், ரதி வேலை செய்த டியூஷன் நிலையத்தின் கந்தோரில் எல்லாருடைய போனும் ஒரே நேரத்தில் ஒலித்தது. கால்வாய் உடைத்துப் பெருகுகிறது, தாழ்வான ஒழுங்கைகளில் இருப்போர் உடனே வெளியேறவும். மூன்று மொழியிலும் வந்திருந்தது. ரதி பிரதீஸின் போனுக்கு அடித்தாள். எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தாள். கைப்பையில் கிடந்த பூட்டுத் திறப்பு நினைவுக்கு வந்தது. குடையை எடுக்காமல் ஓடினாள்.

ஒழுங்கை வாசலில் தண்ணீர் முழங்காலுக்கு நின்றது. உள்ளே போகப் போக ஆழம். சிவானியும் ஷிஹானும் படகோடு நின்றார்கள். பக்கத்தில் ஒரு பொலிஸ்காரர். தண்ணீர் எங்கே ஏறும் என்று சிவானி போட்ட கணக்கு அச்சொட்டாகச் சரிவந்திருந்தது.

"ரதியக்கா! மேனகா எங்க?"

"பள்ளிக்கூடத்தில."

"அண்ணை?"

"கடையில."

"அப்ப மூண்டு பேரும் வெளியில. நல்லகாலம்!" சிவானி படகுப் பக்கம் திரும்பினாள். "ஷிஹான், கடைசி வீடும் முடிஞ்சுது. அடுத்த ஒழுங்கைக்குப் போவம்."

சொல், சொல் என்று ரதியின் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் பொலிஸ்காரர் ஒரு முழத் தூரத்தில் நின்றார். இந்தச் சீருடைக்கு முன்னால் தம்பியின் பெயரைச் சொல்லுவதா? சொந்தத் தம்பி தண்ணீரில் சாகிறான், இவள் காக்கியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அப்படியும் ஒரு பயம் உண்டு.

படகின் இயந்திரம் உறுமியது.

"நில்லுங்கோ! நாலு பேர்! நாங்கள் நாலு பேர்!"

"கவுத ஆத்துலே?" உள்ளே யார் என்று பொலிஸ்காரர் சிங்களத்தில் கேட்டார்.

"மகே மல்லி, சேர். என்ர தம்பி. பிரதீஸ். அறையைப் பூட்டிட்டு வந்திட்டன்."

காக்கியைக் கண்டால் தெருவின் மறுபக்கம் மாறி நடக்கிறவள், தானாகவே அந்தக் கையில் திறப்பை வைத்தாள். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. தொப்பியைக் கழற்றி மதிலில் வைத்துவிட்டு ஷிஹானோடு படகில் ஏறினார்.

படகு வளைவில் மறைந்தது. அதற்குப் பிறகு மழைச் சத்தம் மட்டும்தான். ரதி நல்லூரானைக் கூப்பிட்டாள், செத்துப்போன அம்மாவைக் கூப்பிட்டாள். பூட்டு வாங்கிய கையை மதிலில் ஓங்கி ஓங்கி அடித்தாள். சிவானி அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

படகு திரும்பியபோது பிரதீஸ் அதற்குள் சுருண்டு கிடந்து இருமினான். அலுமாரிக்கு மேல் ஏறி, கூரையோடு முகத்தை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறான். யன்னல் கம்பியை இழுத்து இழுத்து விரல்கள் கிழிந்திருந்தன. அக்காவைப் பார்த்ததும், "பூட்டு நல்ல பூட்டு அக்கா" என்றான். ரதி அவன் முதுகில் ஓர் அறை விட்டாள். பிறகு அதே முதுகில் முகம் புதைத்து ஓவென்று அழுதாள்.

"ஏனக்கா அண்டைக்குச் சொல்லேல்லை?" சிவானி கேட்டாள்.

"நீங்கள் பதிவு எண்டியள், பிள்ளை."

முடிந்தது முடிந்தது என்று தான் விட்ட வீடுகளைச் சிவானி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "அக்கா, வேற ஆரும் உங்களை மாதிரி?"

ரதிக்குத் தெரியும். முதல் வீட்டு மலைநாட்டு ராக்கம்மா இரண்டு பேர் என்று சொல்லியிருப்பாள். அவள் வீட்டில் தங்கச்சியின் பெட்டைப்பிள்ளைகள் இரண்டும் இருக்கிறார்கள். அடுத்த வீட்டில், ஆஸ்பத்திரிக்குக் காட்ட வவுனியாவிலிருந்து வந்த கனகசபாபதி ஐயா. ஒழுங்கை வாசலில் காக்கி நிற்கும்போது அவர்கள் தலைகாட்ட மாட்டார்கள். கழுத்துவரை தண்ணீர் வந்தாலும் சத்தம் போட மாட்டார்கள். ஒருவர் வீட்டு இரகசியம் மற்றவருக்குத் தெரியும். ஒருவரும் வாய் திறந்ததில்லை.

பொலிஸ்காரர் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். படகை முதல் வீட்டுப் படலைக்கு நேரே திருப்பச் சொல்லிவிட்டு, உள்ளே ஆள் உண்டா என்பதுபோல் அதைச் சுட்டிக்காட்டி ரதியின் முகத்தைப் பார்த்தார்.

சண்டைக் காலத்தில் ஆட்களைப் பிடிக்க, முகத்தை மூடிச் சாக்கு மாட்டி ஒருவனைக் கொண்டுவந்து இருத்துவார்கள். அவன் யாரைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறானோ அந்த ஆள் திரும்பி வரமாட்டான். தலையாட்டி என்று சொல்லிச் சனம் காறித் துப்பும்.

ரதி தலையை ஆட்டினாள். அவர் அடுத்த வீட்டைக் காட்டினார். அதற்கும் ஆட்டினாள்.