இரவல் கனவு

மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் ஊரூர் குப்பத்தில் யாருக்கும் வியாதி கிடையாது. காய்ச்சல்காரன்கூடத் தூங்கிப்போவான். பெசன்ட் நகர்ப் பக்கமிருந்து குப்பத்துக்குள் நுழையும் சந்தில் முதல் கட்டடம் எங்கள் கிளினிக். ஜன்னலைத் திறந்தால் வெயிலில் கடல் வெள்ளையாகத் தெரியும். கொஞ்ச நேரம் பார்த்தால் கடல் எது, வானம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. மேஜையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருப்பேன். கண் தானாகச் செருகும். உடனே ஓர் அறை வரும். அறை நிறையப் புத்தகங்கள், வெளியே மழை, கதவில் என் பெயர். டாக்டர் ஜலஜா, ஆராய்ச்சியாளர். அந்தக் கடைசி வார்த்தையைப் படித்து முடிப்பதற்குள் ஏதாவது ஒரு குழந்தை இருமி என்னை எழுப்பிவிடும்.

வெறும் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு இந்த ஊரில் ஆராய்ச்சி என்பது கனவில்தான். கல்யாண வீடுகளில் “மேலே என்ன படிச்சே?” என்று கேட்பார்கள். ஒன்றுமில்லை என்று சொன்னால் பாயசம்கூட அரைக் கரண்டிதான் விழும். எனக்கு இதில் இன்றைக்கும் கோபம் உண்டு. நெஞ்சு அடைக்கிறது, தலை கனக்கிறது, உடம்பெல்லாம் எரிகிறது என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நோய் மனசில் என்பதைத் தினமும் பார்க்கிறவள் நான். மனநல மருத்துவரிடம் அவர்கள் ஒருநாளும் போகப்போவதில்லை. ஆனால் அதை ஆராய்வதற்கான பணமும் பதவியும் மட்டும் அவர்கள் முகத்தையே பார்த்திராதவர்களுக்குப் போகும்.

அப்படியிருக்கையில் தொண்ணூற்றேழாம் வருஷம் ஒரு வெளிநாட்டு அறக்கட்டளையின் அறிவிப்பு வந்தது. சாதாரண கிளினிக்குகளில் மனநலம் பற்றிய ஆய்வுக்கு மூன்று வருஷச் சம்பளம், பயிற்சி, கிளினிக் செலவு. விண்ணப்பிக்கிறவர் பொது மருத்துவராகத்தான் இருக்க வேண்டும் என்று நிபந்தனை வேறு. படித்துவிட்டுக் கண்ணைத் தேய்த்துக்கொண்டு மறுபடி படித்தேன். கிளினிக்கை நடத்திய டிரஸ்ட், ஏப்ரலுக்கு மேல் டாக்டர் சம்பளம் தர முடியாது என்று அப்போதுதான் கையை விரித்திருந்தது. இந்தப் பணம் கிடைத்தால் குப்பத்திலேயே இருப்பேன், கனவில் வந்த அறையும் நிஜமாகும். கிடைக்காவிட்டால் தி. நகரில் என் கணவர் கல்யாணராமனின் அண்ணா நடத்தும் நர்ஸிங் ஹோமில் ட்யூட்டி டாக்டர். அங்கே பணக்காரர்களின் ஜலதோஷம் எனக்காகக் காத்திருந்தது.

விண்ணப்பத்தோடு ஒரு சின்ன முன்னோட்டமும் கேட்டிருந்தார்கள். கிளினிக்குக்கு வரும் பெண்களிடம் சில கேள்விகளைக் கேட்டு, எத்தனை பேருக்கு மனச்சோர்வு என்று காட்ட வேண்டும். கேள்விகளைத் தமிழில் எழுதிக் கொடுத்தவர் ராஜகோபாலன் சார். மயிலாப்பூரில் இருந்த ஓய்வுபெற்ற மனநலப் பேராசிரியர், விண்ணப்பத்தில் எனக்குக் கூட்டாளி. தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா, எதிலாவது பிடிப்பு இருக்கிறதா, கெட்ட கனவு வருகிறதா என்று போகும் அந்தக் கேள்விகள்.

முதல் நாள் பெண்கள் சிரித்தார்கள். தூக்கம் வந்தால் தூங்குகிறோம், வராவிட்டால் கொசு அடிக்கிறோம், இதையெல்லாமா டாக்டர் கேட்பாள் என்றார்கள். அடுத்த வாரமே எல்லாம் மாறிவிட்டது. ஒருத்தி மாற்றி ஒருத்தியாக வந்து உட்கார்ந்து, தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, மனசு எதிலும் ஒட்டவில்லை என்றார்கள். நான் கேட்டு முடிப்பதற்குள் ஆமாம் வந்து விழுந்தது. கனவைப் பற்றிக் கேட்டால் மட்டும் குரல் தாழ்ந்தது. கடல் எண்ணெய் போல அசையாமல் கிடக்கிறது. தூரத்திலிருந்து ஒரு படகு தானாகக் கரைக்கு வருகிறது. துடுப்புப் போட ஆளில்லை. கிட்டே போய்ப் பார்த்தால் உள்ளே ஓர் ஈரத்துண்டு, புருஷனுடைய துண்டு. அவள் கரையில் நின்று அழுகிறாள். அழுகைச் சத்தம் வெளியே வருவதில்லை.

எல்லாருக்கும் இதே கனவு. மின்விசிறி கடகடக்கும் அந்த மத்தியானங்களில், அரைத் தூக்கத்தில், வேறு வேறு வாய்களிலிருந்து அதே படகு வந்து வந்து என் மேஜையில் ஒதுங்கியது. நானும் அந்தக் கரையில் போய் நின்றேன். ஒரு குப்பமே சேர்ந்து ஒரே கனவைக் காண்கிறது என்று பூரித்துப்போய், கடலோர மக்களின் கூட்டு மனம் பற்றி நீளமாக எழுதியும் வைத்தேன். ராஜகோபாலன் சாருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. இப்படி ஓர் எண்ணிக்கையைக் காட்டினால் எவன் பணம் தரமாட்டான் என்று கேட்டு, அன்றைக்கு எனக்கு இரண்டாவது டம்ளர் காபியும் கொடுக்கச் சொன்னார்.

ஒருத்தி மட்டும் எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள். தேவானை. சந்து முனையில் மீன் விற்பவள், என் வயதுதான். படகு விளிம்பில் இடித்துக்கொண்டேன் என்று அடிக்கடி கையில் காயத்தோடு வருவாள். தூக்கம்? வருது. பசி? நல்லாப் பசிக்குது. கனவு? அதெல்லாம் இல்லம்மா. குப்பத்தில் ஓர் ஆளாவது நன்றாக இருக்கிறாளே என்று நினைத்துக்கொண்டேன்.

குட்டு உடைந்தது, புதிதாகக் கல்யாணமான ஒரு பெண்ணால். அவளும் படகு வந்தது, துண்டு இருந்தது என்றாள். அவள் புருஷன் அடையாறில் ஆட்டோ ஓட்டுகிறவன், கடலில் கால்கூட நனைக்காதவன் என்று எனக்குத் தெரியும். அப்படியானால் அது யாருடைய படகு என்று கேட்டேன். அவள் விழித்தாள். பிறகு மெதுவாகத் திரும்பி, கிளினிக் ஆயா அமீனா பீயைப் பார்த்தாள். அமீனா பீ ஜன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்தாள்.

அந்தப் பெண் போனதும் அமீனா பீ தானாகவே வாயைத் திறந்தாள்.

“நான்தாம்மா சொன்னேன். டாக்டரம்மா இங்கயே இருக்கணும்னா நெறைய பேருக்கு மனசு சரியில்லாம இருக்கணுமாம்னு குழாயடியில சொல்லிட்டேன். புயல் நிவாரணம் எழுத வந்தா செய்வாங்களே, அந்த மாதிரிதான். வலையே இல்லாதவளும் வலை போச்சும்பா. வர்றத அப்புறம் பங்கு போட்டுக்குவாங்க. உங்களுக்குன்னா செய்யமாட்டாங்களா?”

கோபப்படுவதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். கனவு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

“அது தேவானை கனாம்மா. தண்ணி பிடிக்கிறப்ப ஒரு நாள் சொல்லிக்கினு இருந்தா. கனாவும் சொல்லணும்னீங்க. இவங்களுக்குச் சொந்தமா ஒண்ணும் தோணல, அதையே எடுத்துக்கினாங்க.”

பக்கத்து வீட்டில் குடம் இரவல் வாங்குவதைப் போல ஒரு கனவை வாங்கியிருக்கிறார்கள். கனவுக்குச் சொந்தக்காரியோ, எனக்குக் கனவே இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். நான் கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு அப்போதே சந்து முனைக்குப் போனேன். வெயிலில் தேவானை மீன்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல் என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையில் இருந்த தாளைத்தான் பார்த்தாள்.

“எனக்கு ஒண்ணுமில்ல. அவுங்கல்லாம்தான் சொல்லிட்டாங்கல்ல, உனக்குப் போதாதா? வஞ்சிரம் கீது, எடுத்துக்கினு போறியா?”

நான் மீன் சாப்பிடாதவள் என்பது குப்பம் முழுக்கத் தெரியும். போ என்பதை அவள் அப்படிச் சொன்னாள்.

அன்று சாயங்காலமே மயிலாப்பூருக்குப் போய் ராஜகோபாலன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அதிர்ச்சியடைவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். மறுபடி கேட்க நேரமில்லை, கேட்டாலும் அவர்கள் மறுபடி உனக்காக அதையேதான் சொல்வார்கள் என்றார். அது வாஸ்தவம்தான்.

“எண்ணிக்கைய மட்டும் கொடு, ஜலஜா. எப்படி வந்ததுன்னு அவா கேக்கப்போறதில்லே. நீ போய்ச் சொன்னா உனக்கும் இல்லே, அந்தக் குப்பத்துக்கும் இல்லே. யாருக்கு லாபம்?”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது. அவர் கெட்டவர் இல்லை. பணம் வந்தால் கிளினிக் இருக்கும், காய்ச்சலுக்கு மருந்து இருக்கும், நானும் இருப்பேன். ஒரு பொய் எத்தனை பேருக்குச் சோறு போடும் என்று யோசித்தால் உண்மை ரொம்ப மெலிந்துதான் போகிறது. எண்ணிக்கையை மாற்றாமல் விண்ணப்பத்தை அப்படியே அனுப்பிவிட்டேன்.

நேர்காணல் அடையாறில், மரங்கள் சூழ்ந்த ஒரு விருந்தினர் மாளிகையில் நடந்தது. குளிர்ந்த அறை, சுவர் நிறையப் புத்தகங்கள். வெளியே தோட்டக்காரன் குழாயால் தண்ணீர் பீய்ச்ச, ஜன்னல் கண்ணாடியில் அது மழையாக வழிந்தது. நான் கனவில் பார்த்த அறை அப்படியே எதிரில் இருந்தது. என் தாள்களைப் புரட்டிய பெண்மணி நிமிர்ந்து பார்த்து, இந்த எண்ணிக்கை வியப்பாக இருக்கிறது என்று சிரித்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். குப்பத்துப் பெண்களைப் போலச் சட்டென்று சொல்லியிருக்கலாம்.

ஆனால் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் எனக்குப் படகு தெரிந்தது. இந்தத் தாள் அப்படியே அச்சேறினால், அதில் குப்பமே நோயாளி, தேவானை ஒருத்திதான் நோயில்லாதவள். அதை என்னால் தாங்க முடியவில்லை. இந்த ஆமாம்கள் எல்லாம் எனக்காகச் சொன்னவை, நிஜமாக நோய் உள்ள ஒருத்திதான் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்றாள், அவளை எப்படிக் கேட்பது என்று தெரிந்துகொள்ளத்தான் எனக்குப் பணம் வேண்டும் என்று சொன்னேன். அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். உங்கள் நேர்மையைப் பாராட்டுகிறோம் என்று அந்தப் பெண்மணி சொன்னதுமே எனக்குப் புரிந்துவிட்டது. பணம் தருகிறவர்கள் யாரும் நேர்மையைப் பாராட்டிப் பேச்சை ஆரம்பிக்க மாட்டார்கள்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. ஏப்ரலில் கிளினிக்கைப் பூட்டினார்கள். குப்பத்துப் பெண்கள் என்மேல் வருத்தப்பட்டார்கள். இவ்வளவு ஆமாம் சொல்லியும் போதவில்லையா, இன்னும் நாலு பேரைக் கூட்டி வந்திருப்போமே என்றார்கள். நான் ஸ்டெதஸ்கோப்பைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

தி. நகர் நர்ஸிங் ஹோமில் என் அறை ஜன்னலில் துணிக்கடை விளம்பரப் பலகை ஒன்றுதான் தெரியும். ஆனால் கண்ணை மூடினால் பாண்டி பஜார் இரைச்சல் கடலாகக் கேட்கும். கதவில் பெயர் எழுதிய அறை பிறகு வரவேயில்லை. படகுதான் வந்தது.

ஆடித் தள்ளுபடிக் கூட்டம் தெருவை அடைத்திருந்த ஒரு மத்தியானம், டோக்கனைப் பிடித்துக்கொண்டு தேவானை உள்ளே வந்தாள். தலைக்குக் குளித்து, வெளுத்த சேலை கட்டி, பஸ் ஏறி வந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. கையில் புதிதாக ஒரு காயம். உட்காரச் சொன்னேன். அவள் முதலில் என் மேஜையைப் பார்த்தாள். அதில் தாள் எதுவும் இல்லை.

“இப்ப நான் எதுனா சொன்னா உனக்கு எதுனா கெடைக்குமா டாக்டரம்மா?”

“ஒண்ணும் கெடைக்காது, தேவானை.”

“நெசமா?”

“நெசமா.”

அப்புறம்தான் அவள் உட்கார்ந்தாள். வெளியே இரைச்சல் ஏறி இறங்கியது. அவள் முந்தானையை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

“என் கனாவ எல்லாரும் உன்னாண்ட சொன்னாங்களாமே. குழாயடியில அவுங்களுக்கு நான் சொன்னதே பாதிதான். கரையில நின்னு அழுவுறேன்னு சொல்லி வச்சேன்.” குரல் உள்ளே போயிற்று. “நான் அழுவுல டாக்டரம்மா. படகுல அவன் இல்லன்னு பாத்ததும் சிரிக்கிறேன். சத்தம் போட்டுச் சிரிக்கிறேன். முழிச்சிப் பாத்தா பக்கத்துல படுத்துக்கினு கீறான். தூக்கத்துல சிரிச்சிட்டேனோன்னு பயம். அதான் தூங்குறதேயில்ல.”

அடுத்த டோக்கனை அனுப்பட்டுமா என்று நர்ஸ் எட்டிப் பார்த்தாள். கதவைச் சாத்திவிட்டுப் போகச் சொன்னேன். பிறகு என் நாற்காலியை இழுத்துப்போட்டு, தேவானை பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.