பேர வெட்டிருவேன்னு சொன்னது

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கோவம் வந்துட்டா முன்ன பின்ன பாக்காது. இருபது வருசமா டீச்சரா இருக்கேன், இன்னும் அடங்கல.

ராகலைக்கு மேல ஒரு தேயிலத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல பதினோராம் வகுப்பு என் பொறுப்பு. அன்னைக்கு வியாழக்கிழமை. ஸ்கூல் விட்டதும் ஃபைலத் தூக்கிக்கிட்டு தொழிலாளிங்க குடியிருக்குற மேட்டு லயத்துக்கு நடந்தேன். பிரியந்தின்னு ஒரு புள்ள. ஏழு வாரமா ஸ்கூல் பக்கமே வரல. ஓ.எல் பரீட்சை விண்ணப்பத்துல அவ கையெழுத்து வேணும், மறுநாள் மத்தியானத்தோட கடைசி. அத விட்டா இந்த வருசம் அவளுக்கு சோதனை இல்ல. கணக்குல எழுபத்தெட்டு எடுக்குற புள்ளைங்க அது! சும்மா விட மனசு வருமா?

ஃபைலுக்குள்ள இன்னொரு ஃபாரமும் இருந்துச்சு. இடைவிலகுன புள்ளைங்களத் தேடிப் போயி, ஏன் நின்னாங்கன்னு விசாரிச்சு எழுதணுமாம். காரணம்னு ஒரு கட்டம். 'பெற்றோரின் அக்கறையின்மை'ன்னு ஸ்டாஃப் ரூம்லயே எழுதி முடிச்சிட்டேன். அவ கூலிக்குக் கரட் கழுவப் போறான்னு வகுப்புப் புள்ளைங்க சொல்லியாச்சு, இனிமே விசாரிக்க என்னா இருக்கு? அவ அப்பா இராமையாண்ணன் கையில கெடச்சா நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கணும்னு படியேறும்போதே மனசுக்குள்ள ஒத்திகை பாத்துக்கிட்டேன்.

அவரு வாசல்ல கவ்வாத்துக் கத்தி தீட்டிக்கிட்டு இருந்தாரு. என்னயக் கண்டதும் எழும்பி, உள்ளருந்து நாற்காலியக் கொண்டாந்து தொடச்சுப் போட்டாரு.

"உக்கார வரலண்ணே. புள்ள எங்க?"

"கரட் கழுவப் போயிருக்குங்க டீச்சர். நாலு மணிக்கு வந்துரும்."

"சொல்ல வெக்கமா இல்ல? நல்லா படிக்கிற புள்ளய பச்சத் தண்ணியில நிப்பாட்டிட்டு நீங்க இங்க உக்காந்து கத்தி தீட்டுறீங்க! அப்பான்னா ஒரு பொறுப்பு வேணாமா?"

பக்கத்துக் காம்பிரா வீட்டுக்காரங்க எட்டிப் பாக்குற அளவுக்கு கத்திட்டேன். அவரு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு நின்னாரு. முகத்துல கோவமே இல்ல.

"நாங்களா நிப்பாட்டலங்க டீச்சர். நீங்கதானே பேர வெட்டுனீங்க."

"நானா?"

"சின்னவனுக்கு அம்ம போட்டுச்சு. அது எறங்குறதுக்குள்ள இவளுக்கும் ஒடம்பு பூராக் கொப்புளம். தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் யாரும் வெளிய போகல. அப்பதான் பக்கத்துக் காம்பிரா ஷாமிலா வந்து, 'டீச்சர் ஒன் பேர வெட்டிட்டாங்க'ன்னு சொல்லிட்டுப் போச்சு."

எனக்கு சுருக்குன்னுச்சு. ஷாமிலா என் வகுப்புப் புள்ளதான். அம்ம வந்த வீட்டப் பத்தி வெளிய பேசமாட்டாங்க, அதனால அவளும் எங்கிட்ட மூச்சு விடல. பத்தாவது நாளோ என்னமோ, ஆத்திரத்துல நான்தான் அவகிட்ட சொன்னேன்: "திங்கக்கிழமை வரலேன்னா பேர வெட்டிருவேன்னு போயி சொல்லு." டீச்சர்மாரு வாயில சாதாரணமா வர்ற வார்த்த அது, அங்க போய்ச் சேரும்போது 'வெட்டிட்டாங்க'ன்னு ஆயிருச்சு. நெனச்சாலும் என்னால வெட்ட முடியாது, அது ஸ்கூல் அதிபர் கையில இருக்குற காரியம்.

ஆனா தோட்டத்துல அது வேற. செக்ரோல்னு சொல்ற சம்பளப் பதிவுல பேர வெட்டுனா வேல போச்சு. எங்கப்பாவும் பேரு பதிஞ்சு வேல செஞ்சவருதான். அந்த வார்த்த காதுல விழுந்தா எங்கம்மாவுக்கு சோறு எறங்காது. இதெல்லாம் தெரிஞ்ச நான் அதப் போயி ஒரு புள்ளைக்கு சொல்லி அனுப்பியிருக்கேன் பாருங்க!

"ஒருதடவ வந்து கேட்டிருக்கலாமேண்ணே."

"எப்பிடிங்க கேக்குறது? கணக்கப்புள்ளைய எதுத்துப் பேசுனேன்னு எனக்கும் ஒருதடவ வெட்டுனாங்க. சங்கத்துத் தலைவரு தோட்டத்துத் தொரைகிட்ட போயி பேசினதாலதான் மறுபடி பதிஞ்சாங்க. பள்ளிக்கூடத்துல எங்களுக்கு யாருங்க டீச்சர் தலைவரு?"

நாற்காலியில உக்காந்தேன். ஃபாரத்த எடுத்து, எழுதுனத அடிச்சேன். அவரு எதுவும் கேக்காம உள்ள போயி தேத்தண்ணி ஊத்திக் கொண்டாந்தாரு. அவ்வளவு கத்துனவளுக்கு ரெண்டு கரண்டி சீனியும் போட்டு! எனக்கு அழுகை வந்துருச்சு.

நாலேகாலுக்கு பிரியந்தி வந்தா. பாவாட முழங்கால் வரைக்கும் நனஞ்சிருந்துச்சு. நெத்தியில அம்மத் தழும்பு. என்னயப் பாத்ததும் கைய ரெண்டையும் பின்னால மறச்சிக்கிட்டா.

ஃபைலோட கொண்டாந்த, தெனமும் பேரு கூப்பிடுற வரவு இடாப்ப விரிச்சு மடியில வச்சேன். "இங்க வந்து பாருடி. யாரு ஒன் பேர வெட்டுனது?"

பத்தொன்பதாம் நம்பர்ல அவ பேரு அப்பிடியேதான் இருந்துச்சு, ஒரு கோடு இல்ல. இராமையாண்ணனும் குனிஞ்சு பாத்தாரு. "அடக் கடவுளே"ன்னு மட்டும் சொன்னாரு. பிரியந்தி தன் பேருக்கு நேரா, வராத நாளுக்கு வரிசையா போட்டிருந்த சுழியத்து மேல வெரல வச்சு கடைசி வரைக்கும் போனா.

"தெனமும் எம் பேரக் கூப்பிட்டீங்களா டீச்சர்?"

ஆமான்னு சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப் போகுது?

"ரெண்டு வாரம் கூப்பிட்டேன். அப்புறம் கூப்பிடல. பதினெட்டுக்குப் பொறகு நேரா இருபதுதான்."

"அப்ப வெட்டுன மாதிரிதானே டீச்சர்."

"ஏய்! டீச்சர்கிட்ட என்னா பேச்சு பேசுற!" அவ அப்பா பதறிட்டாரு.

"விடுங்கண்ணே, அவ கேட்டதுல என்னா தப்பு? எந் தப்புதான் பிரியந்தி. மன்னிச்சிரும்மா."

இத்தன வருசத்துல ஒரு புள்ளகிட்ட நான் மன்னிப்புக் கேட்டதே இல்ல. இராமையாண்ணன் வேற பக்கம் திரும்பிக்கிட்டாரு. விண்ணப்பத்தையும் பேனாவையும் நீட்டுனேன். அவ வாங்கல.

அப்புறம் கைய பாவாடையில தொடச்சா. தண்ணியில ஊறி வெரலெல்லாம் சுருங்கிக் கெடந்துச்சு. விண்ணப்பத்த ஒரு வரி விடாம வாசிச்சுட்டு, நிதானமா கையெழுத்துப் போட்டா. திருப்பிக் குடுக்கும்போதுதான் என் முகத்தப் பாத்தா.

"நாளைக்கு சத்தமா கூப்பிடுங்க டீச்சர். எல்லாருக்கும் கேக்கணும்."