தப்பு சார் பேசுவது யாருக்கும் கேட்கவில்லை

1

இந்தக் கதை என்னுடையதல்ல. மருந்துக்கடையில் பில் போடும் என் அக்கா, தலைவலியோடு வீடு திரும்பிய ஒரு சாயங்காலம் சொன்னது. இணையத்தில் வீட்டு ரிப்பேருக்கென்று ஒரு குழு நடத்துகிறாள். குழாய் ஒழுகினாலோ மோட்டார் மக்கர் பண்ணினாலோ அங்கே கேட்கலாம். அவளுக்குச் சம்பளம் கிடையாது, வசவு உண்டு.

'கூட்டம் பெருகினால் குப்பையும் பெருகும் என்பது' என்று கதையைத் தொடங்கினேன். உபதேச வாடை அடித்ததால் விட்டுவிட்டேன்.

2

வில்லன் வேண்டுமே. இருக்கிறார். யார் எதை எழுதினாலும் "தப்பு" என்று ஆரம்பிப்பவர். குழுவில் அவர் பெயரே தப்பு சார். வாஷர் மாற்றுவதைப் பற்றிய கேள்வி, அவர் நுழைந்தால் கேட்டவரின் வளர்ப்பு வரைக்கும் போய்விடும். புதிதாய்ச் சேர்ந்தவர்கள் துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று ஓடினார்கள்.

(அவருக்கு வழுக்கையும் தொப்பையும் வைத்து எழுதியிருந்தேன். "நானே அவரைப் பாத்ததில்ல, நீ எங்கடா பாத்த?" என்றாள் அக்கா. அந்த வரியை அடித்துவிட்டேன்.)

வெளியே தள்ளினால் வேறு பெயரில் வருவார். அதனால் அக்கா ஒரு பொத்தானை அழுத்தினாள்.*

* அதன்பிறகு அவர் எழுதுவது அவருக்கும் அக்காவுக்கும் மட்டுமே தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரியாது.

3

குழு அமைதியானது. அவர் எழுதிக்கொண்டுதான் இருந்தார். பதிலே வராததில் குரல் இறங்கி, "தப்பு" என்பது "தப்போன்னு தோணுது" ஆனது. ஒருநாள், "எல்லாரும் எம்மேல கோவமா?" என்று கேட்டிருந்தார். அன்றைக்கு அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பிறகு ஒரு பெண் கேட்டாள்: கேஸ் ஹீட்டர் உள்ள குளியலறையில் குழந்தையைக் குளிப்பாட்டும்போது குளிர்காற்று அடிக்கிறது, சுவரிலுள்ள காற்றுத்துளையை எப்படி அடைப்பது? அட்டை, டேப், பழந்துணி என்று ஆளாளுக்கு அன்பாக வழி சொன்னார்கள். சண்டையே இல்லை. தப்பு சார் மட்டும் எழுதினார்: "தப்பு. அடைக்காதீங்கம்மா. விஷவாயு உள்ளயே தங்கிடும். குழந்தை உயிருக்கே ஆபத்து."

அக்கா அதை அப்படியே எடுத்துத் தன் பெயரில் போட்டாள். "நல்ல வேளை சொன்னீங்க, தெய்வம்க்கா நீங்க" என்றாள் அந்தப் பெண். நன்றிகள் குவிந்தன. கடைசியில், யாருக்கும் தெரியாமல், தப்பு சாரும் எழுதியிருந்தார்:

"சரியாச் சொன்னீங்க."

4

முடிவு ஒன்று: அக்கா பொத்தானை விடுவிக்கிறாள், அவர் திருந்திய மனிதராக வருகிறார். (நான் நம்பவில்லை.)

முடிவு இரண்டு: விடுவிக்கிறாள், மறுநாளே பழைய குருடி கதவைத் திறடி. (இதை நம்ப முடிகிறது. அதுதான் கஷ்டமாக இருக்கிறது.)

முடிவு மூன்று: அக்கா அவரிடம் மன்னிப்புக் கேட்டு...

"எழுதுறவன்தான நீ, சொல்லுடா. தொறந்து விடவா?" என்று அக்கா போனை என் கையில் திணித்துவிட்டுப் படுத்துவிட்டாள். எனக்கும் அலுப்பாக இருக்கிறது. எனக்கு அந்த மனிதரை நினைத்தால் பாவமாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

இதுவரை அவர் எழுதியதை அக்கா ஒருத்திதான் படித்துக்கொண்டிருந்தாள். இப்போது நீங்களும் படித்துவிட்டீர்கள். இந்தாருங்கள் போன். அவர் இன்னும் ஆன்லைனில்தான் இருக்கிறார்.