கல்யாணியின் வயிற்றுவலி

ரிசார்ட்டின் பெயர் கரீபியன் பே. எங்கள் சந்திரம்மாவின் வாயில் அது கரீம் பாய் ஆகிவிட்டது. மாமல்லபுரத்துக்கு முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கி, சிமென்ட்டில் செய்த கடற்கொள்ளைக்காரன் ஒற்றைக் கண்ணோடு முறைக்கிற வாசலைத் தாண்டி உள்ளே போனோம். வரவேற்பில் இருந்த பெண்ணிடம் சந்திரம்மா கேட்ட முதல் கேள்வி, "பாய் இல்லியாம்மா?" என்பதுதான். அவள் நாங்கள் தரையில் விரிக்கப் பாய் கேட்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, எல்லா அறையிலும் கட்டில் இருக்கிறது மேடம் என்றாள். கரீம் பாய் இவ்வளவு பெரிய ஓட்டலைக் கட்டிவிட்டு ஒரு நாள்கூட வந்து எட்டிப்பார்க்க மாட்டாரா என்று சந்திரம்மாவுக்கு ரெண்டு நாளும் குறைதான்.

நாங்கள் நாலு பேரும் ரயில் சிநேகம். செங்கல்பட்டிலிருந்து காலையில் கிளம்பும் மின்சார ரயிலில், பெண்கள் பெட்டியில், பல வருஷமாகச் சேர்ந்து போகிறவர்கள். மூத்தவள் சந்திரம்மா, கிண்டியில் ஒரு வங்கியில் அட்டெண்டர். ரெஜினா தாம்பரத்தில் துணிக் கம்பெனியில் சூப்பர்வைசர். கல்யாணி குரோம்பேட்டையில் ரத்தப் பரிசோதனை செய்கிற இடத்தில் டோக்கன் கொடுப்பவள். நான் பிரிசில்லா, மாம்பலத்தில் ஜவுளிக் கடையில் பில் போடுகிறேன். ரயில் நடைமேடைக்குள் நுழையும்போதே சந்திரம்மா ஓடிப்போய் ஜன்னல் வழியாகப் பை, கர்ச்சீப், குடை, தண்ணீர் பாட்டில் என்று நாலையும் எறிந்து நாலு இடம் பிடித்துவிடுவாள். வண்டலூர் வருவதற்குள் நாலு டப்பாவும் திறந்து, யார் வீட்டு இட்லி யார் வாயில் போகிறது என்று தெரியாமல் சாப்பிட்டு முடித்துவிடுவோம்.

போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெஜினா வீடு கட்டிக் குடிபோனாள். அவள் அப்பாவும் தாத்தாவும் அடுத்தவர் கழனியில் வேலை செய்து, அடுத்தவர் இடத்தில் குடிசை போட்டு இருந்தவர்கள். அவர்கள் குடும்பத்தில் சொந்தப் பட்டாவில் எழும்பிய முதல் சுவர் அது. கல்யாணி பெரிய சுவர்க்கடிகாரம் ஒன்றோடு வந்தாள். ஒவ்வொரு அறையாகப் பார்த்தாள், சமையல் மேடையைத் தடவிப் பார்த்துப் பாராட்டினாள். இலை போட்டதும் வயிற்றை வலிக்கிறது என்று சொல்லி ஷேர் ஆட்டோ ஏறிப் போய்விட்டாள்.

ரெஜினா நம்பினாள். அது என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துகிற விஷயம். நம்பியதோடு நிற்காமல், திங்கட்கிழமை ஓமத்தண்ணி காய்ச்சி பாட்டிலில் ஊற்றி ரயிலுக்குக் கொண்டு வந்தாள். கல்யாணி அதை மடக்கு மடக்கென்று குடித்தாள். அதே வாரம் கல்யாணியின் அக்கா மகள் வாட்ஸப்பில் வைத்திருந்த படத்தை ரெஜினா என்னிடம் நீட்டினாள். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், திருப்போரூரில் ஏதோ கல்யாணப் பந்தி. கல்யாணி நடுவில் உட்கார்ந்திருக்கிறாள், கையில் வடை.

நாங்கள் மூன்று பேரும் காலனி, கல்யாணி ஊர்த் தெரு. ரயிலில் அதை யாரும் நினைத்ததில்லை, அல்லது நினைக்கவில்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். "நம்ம இட்லி ரயிலு வரைக்கும்தான் போலருக்கு" என்று சொல்லி ரெஜினா போனை உள்ளே வைத்தாள். அவள் சண்டை போடவில்லை. அன்றிலிருந்து கல்யாணியை மேடம் என்றும் வாங்க, போங்க என்றும் பேச ஆரம்பித்தாள், அவ்வளவுதான். "கல்யாணி மேடம், இப்படி உக்காருங்க." கல்யாணிக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் வாயைத் திறக்காமல் ஆறு மாதம் உட்கார்ந்திருந்தாள்.

இந்த மாதம் ரெஜினா, கம்பெனியில் வேன் விட்டிருக்கிறார்கள், வருகிற ஒண்ணாந்தேதியிலிருந்து நான் வேனில் போகிறேன், பெயர் கொடுத்தாகிவிட்டது என்றாள். எனக்குத் தூக்கம் போய்விட்டது. அவள் போனால் இந்த நாலு பேர் கதை முடிந்தது என்று தெரியும். அதனால்தான் இந்த ரிசார்ட் ஏற்பாடு. ரெண்டு பேரையும் ஓர் இடத்தில் அடைத்துப் போட்டால் ஒருத்தியாவது பேசித்தானே ஆக வேண்டும் என்பது என் கணக்கு.

என் கணக்கு முதல் நாளே பணால். ரெண்டு பேருக்கும் ஒரே அறை போட்டேன். ரெஜினா பையைத் தூக்கிக்கொண்டு சந்திரம்மா அறைக்குப் போய்விட்டாள். மறுநாள் காலையில் கோவளத்திலிருந்து டால்பின் பார்க்கக் கூட்டிப்போகிற படகுச் சவாரி மட்டும்தான் பாக்கி இருந்தது. படகில் யாரும் எழுந்து அடுத்த அறைக்குப் போக முடியாது என்று தேற்றிக்கொண்டேன்.

ரிசார்ட் வேன் எங்களையும் பெங்களூர்க்காரர்கள் ஒரு கும்பலையும் கோவளம் கரையில் இறக்கிவிட்டது. நீலப் படகு, எல்லாரும் ஆரஞ்சு ஜாக்கெட் போட்டுக்கொண்டு வரிசையாக வாருங்கள் என்று கைடு பையன் சொன்னான். நீலப் படகு என்ற வார்த்தை காதில் விழுந்ததுதான் தாமதம், சந்திரம்மா மணலில் ஓட ஆரம்பித்துவிட்டாள். அலையோரம் நின்ற படகுக்குள் பையும் கர்ச்சீப்பும் குடையும் பாட்டிலும் பறந்தன. "பிரிசில்லா, வாடி, நாலு சீட்டு புட்ச்சிட்டேன்" என்று அவள் கத்தியதும் எங்கள் மூன்று பேரின் காலும் தானாக ஓடின. பழக்கதோஷம். ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்கிய பிறகுதான் பார்த்தேன். படகின் மூக்கில் மஞ்சள், குங்குமம், மாவிலை, சாமந்தி மாலை. கரீம் பாய் தாராளமான ஆள் என்றாள் சந்திரம்மா.

ஜாக்கெட் யாரும் கொடுக்கவில்லையே என்று எனக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். பெங்களூர்க்காரர்கள் தள்ளி நின்ற இன்னொரு நீலப் படகில் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தார்கள். எங்கள் படகை நோக்கி, பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மாள் பொங்கல் பானையோடு வந்து நின்று எங்களை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் பெயர் கன்னியம்மா, படகு அவள் குடும்பத்துடையது, அன்றைக்குத்தான் வெள்ளோட்டம். நான் வெட்கத்தில் எழுந்து இறங்கப் போனேன். கன்னியம்மா கையைக் காட்டி உட்கார வைத்தாள். புதுப் படகில் தானாக வந்து ஏறியவர்களை இறக்கிவிடுவது அவர்கள் வீட்டு வழக்கம் இல்லையாம். அவள் புருஷன் கங்காதரன் எங்கிருந்தோ நாலு பழைய ஜாக்கெட்டைத் தேடிக் கொண்டுவந்து போட்டுக்கொள்ளச் சொன்னார். நாலைந்து ஆம்பளைகள் தோள் கொடுத்துத் தள்ள, படகு அலையை ஏறித் தாண்டியது.

கரை சின்னதாகும்வரை போய் கங்காதரன் மோட்டாரை நிறுத்தினார். கன்னியம்மா சூடம் காட்டி, ஒரு கை பொங்கலைக் கடலில் விட்டு, பிறகு எங்களுக்கு வாழையிலைத் துண்டுகளில் வைத்துக் கொடுத்தாள். முதல் ஓட்டத்தில் ஏறினவர்கள் எல்லாரும் ஒரு வாய் சாப்பிட வேண்டும் என்றாள். நின்ற படகு இப்படியும் அப்படியும் ஆடியது. கல்யாணியின் முகம் வெளுத்துக் கிடந்தது. அவள் இலையை வாங்காமல் வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள்.

"வேணாங்க. வயிறு ஒரு மாதிரி கீது."

மோட்டார் சத்தம் இல்லாததால் அது எல்லார் காதிலும் விழுந்தது. ரெஜினா கடலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"இங்கியும் வயித்துவலி வந்துட்ச்சா, மேடம்?"

நான் சந்திரம்மாவைப் பார்த்தேன், சந்திரம்மா பொங்கலைப் பார்த்தாள். கல்யாணி எப்போதும்போல முழுங்கிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் படகின் விளிம்பை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள்.

"இது நெசமான வலி, ரெஜினா. அன்னிக்கித்தான் வலி இல்ல. போயி மொய் வச்சிட்டு வா, கை மட்டும் நனைக்காதன்னு சொல்லித்தான் எங்க அத்தை அனுப்புனாங்க. நானும் தலைய ஆட்டிகினு வந்தேன். உன் வூட்டுக் கறிக்கொழம்பு வாசன எனக்கு இன்னும் மூக்குல கீது. துன்னணும்னு ஆசையா இருந்துச்சு. பயந்துகினு துன்னாம போய்ட்டேன்."

மேலே ஏதோ சொல்ல வந்தவளுக்கு வார்த்தைக்குப் பதில் வாந்தி வந்தது. முதல் தவணை ரெஜினாவின் புடவையில். ரெஜினா ஒரே எட்டில் அவள் பக்கம் போய், "குனிடி, கடல் பக்கமா குனி" என்று சொல்லி, கல்யாணியின் நெற்றியைத் தன் உள்ளங்கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அந்த 'டி' கேட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கன்னியம்மா, கடலுக்கு எதைக் கொடுத்தாலும் வரவுதான், வெட்கப்படாதே என்று கல்யாணிக்கு ஆறுதல் சொன்னாள்.

வாந்தி நின்ற பிறகும் ரெஜினா நெற்றியிலிருந்து கையை எடுக்கவில்லை. கோபத்தையும் விடவில்லை.

"ஓமத்தண்ணி குட்ச்சியே, அது எந்த வூட்டு அடுப்புல காய்ச்சுனது?"

"உன் வூட்டு அடுப்புதான்."

"ரயில்ல துன்னா ஒட்டாது. வூட்ல துன்னா ஒட்டிக்குமா?"

போனால் போகிறது, விடுடி என்று சந்திரம்மா குறுக்கே வந்தாள். நீ கம்மென்று இரு அக்கா என்று ரெஜினா அவளை அடக்கினாள். கல்யாணி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து சாப்பிடுகிறேன், அத்தைக்குத் தெரியாமல் எப்படியாவது வந்துவிடுகிறேன் என்றாள்.

"தெரியாம வராத" என்றாள் ரெஜினா. "திருட்டுத்தனமா வந்து துன்ற சோறு என் வூட்ல இல்ல. சொல்லிட்டு வர்றதா இருந்தா வா. இல்லன்னா ரயிலோட இருந்துக்கலாம். இப்ப அதுவும் இல்ல, நான் வேன்ல போறேன்."

கங்காதரன் படகைக் கரைக்குத் திருப்பினார். ரெஜினா பொங்கலைச் சாப்பிட்டாள், சந்திரம்மா தன்னுடையதையும் கல்யாணியுடையதையும் சாப்பிட்டாள், நான் ஒரு வாயோடு இலையை மடித்துவிட்டேன். கல்யாணி சொல்வாளா? எனக்கு நம்பிக்கை இல்லை. அவள் மாமியாரை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கிழவி இருமினால் வீட்டில் விசிறி ஓடாது. இருபது வருஷம் ஒரு மனுஷியிடம் பயந்தவள் ஒரு காலைப்பொழுதில் மாறிவிட மாட்டாள். ஆனாலும் நான் ஜெபம் பண்ணிக்கொண்டே வந்தேன்.

கரையில் இறங்கியதும் கைடு பையன் ஓடி வந்து, உங்களை எங்கெல்லாம் தேடுவது என்று எரிந்து விழுந்தான். அவனிடம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கல்யாணி ஈர மணலில் நின்று போனை எடுத்தாள். ஸ்பீக்கரில் போடு என்று யாரும் சொல்லவில்லை, அவளாகத்தான் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்கு உலை வைக்க வேண்டாம் அத்தை, ரெஜினா வீட்டில் சாப்பாடு என்றாள். அலைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, எதுவாக இருந்தாலும் வீட்டுக்கு வந்து பேசு என்றது அந்தப் பக்கம்.

அதோடு விட்டிருக்கலாம். சொன்னதற்குச் சொன்னதாகவும் ஆகியிருக்கும். கல்யாணி போனை வைக்காமல் அலையைவிட்டு விலகி நடந்தாள், மீன் கூறு போட்டு விற்கிற பெண்களையும் தாண்டி, சத்தம் குறைந்த இடத்தில் போய் நின்றாள். நாங்கள் மூவரும் பின்னாலேயே போனோம்.

"ரெஜினா வூட்ல கை நனைக்கப் போறேன், அத்தே. இப்ப கேக்குதுங்களா?"

மீன்காரிகள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பக்கத்திலிருந்து "கேக்குது" என்று ஒரே ஒரு வார்த்தை வந்தது. போன் அணைந்தது.

அதில் சம்மதம் இருந்ததாகச் சொல்ல மாட்டேன். வீட்டுக்குப் போனதும் கல்யாணிக்குப் பூசை இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். வேனுக்குக் கொடுத்த பெயரை எடுத்துவிடுவாயா என்று ரெஜினாவைக் கேட்க எனக்கு வாய் துடித்தது, பயத்தில் அடக்கிக்கொண்டேன். ரெஜினா வாந்தி பட்ட முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு கல்யாணியைப் பார்த்தாள்.

"சாப்பாட்டு நேரத்துக்கு வர்ற வேலையெல்லாம் வச்சிக்காத" என்றாள். "காலையிலயே வந்துடு. வெங்காயம் உரிக்க ஆளு வேணும்."