மணி அடித்தால்தான் எழுந்திருப்பாள்

மாடிப்படி திரும்பும்போதே கேஸ் நாற்றம் குப்பென்று அடித்தது. எதிர்வீடு பூட்டிக் கிடந்தது. அப்படியானால் எங்கள் வீடுதான். காலிங்பெல்லை அழுத்தப் போன விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். நான் வயர்மேன். ஒரு சுவிட்சைத் தட்டினால் உள்ளே பொறி பறக்கும் என்று எனக்குத் தெரியாதா?

"பாப்பா! அம்மா எங்க?" கதவைத் தட்டினேன்.

"கடைக்குப் போயிருக்காங்கப்பா. பால் பொங்கிடுச்சு போல, சத்தம் கேட்டுச்சு."

பொங்கிய பால் அடுப்பை அணைத்திருக்கிறது. கேஸ் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. ஜன்னல்கள் வேறு சாத்தியிருக்கும். தெருச் சத்தம் படிப்பைக் கெடுக்குமாம்.

"சுவிட்ச் எதையும் தொடாதே. எழுந்து வந்து தாழ்ப்பாளைத் திற."

"இன்னும் மணி அடிக்கலையே."

எங்கள் வீட்டில் எதிலும் நடுவாந்தரம் கிடையாது. மகளைப் பள்ளிக்கு அனுப்புவதில்லை என்று முடிவெடுத்த முதல் வருஷம், குழந்தை தன் போக்கில் கற்கட்டும் என்று விட்டோம். அவள் மத்தியானம் வரை தூங்கினாள், சுவரெல்லாம் கிறுக்கினாள். வெறும் வாயை மென்ற சொந்தக்காரர்களுக்கு அவல் கிடைத்தது. என் மனைவிக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த வருஷம் வீடே பள்ளிக்கூடம். வகுப்பு நடுவில் எழுந்தால் பாடத்தை முதலிலிருந்து எழுத வேண்டும். பழைய பள்ளி மணி ஒன்றை வாங்கி, டைமர் வைத்து, கூடத்தில் மாட்டிய புண்ணியவான் நான்தான். ஒவ்வோர் அடிக்கும் பொறி தெறிக்கிற பழங்கால மணி.

பதினோரு மணிக்கு அது அடிக்கும். கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் மூன்று நிமிஷம்தான்.

விழுந்தடித்துக் கீழே ஓடி, மீட்டர் பெட்டியில் எங்கள் வீட்டு ஃபியூஸைப் பிடுங்கினேன். அப்பாடா என்று மேலே ஏறும்போதுதான் மண்டையில் உறைத்தது. இனி மணி அடிக்காது. அவள் எப்படி எழுந்திருப்பாள்?

"பாப்பா, கேஸ் கசியுதுடா! மணி அடிக்காது, ஓடி வா!"

உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. "இந்தத் தடவை நான் ஏமாற மாட்டேன்ப்பா!"

போன மாதம் அவளைச் சோதிக்கிறோம் என்று வாசலில் நின்று, "ஐஸ்கிரீம், ஓடி வா" என்று கூப்பிட்டோம். ஓடி வந்தவளைத் திரும்ப உட்கார வைத்து முதலிலிருந்து எழுத வைத்தோம். கட்டுப்பாடாம்! எங்களைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கெஞ்சினேன். கத்தினேன். இரும்புக் கதவு, சுத்தியலை ஓங்கவும் பயம். கடைசியில், சொன்னால் சிரிப்பீர்கள், கதவிடுக்கில் வாயை வைத்து "டிர்ர்ர்ர்ங்" என்று நானே மணியடித்தேன்.

"அது நீங்கப்பா," என்றாள். குரல் குழறியது. இரும ஆரம்பித்தாள்.

அப்போதுதான் மனைவி பையோடு படியேறி வந்தாள். நாற்றம் தெரிந்ததும் பையைப் போட்டுவிட்டாள். அலறப் போகிறாள் என்று நினைத்தேன். அவளோ தொண்டையைச் செருமிக்கொண்டு, வகுப்பில் பேசுகிற அதே குரலில் சொன்னாள்.

"வகுப்பு முடிஞ்சது. புத்தகத்தை மூடு. கதவைத் திற."

தாழ்ப்பாள் நகர்ந்தது.

மகளை வெளியே இழுத்து மனைவியிடம் தள்ளினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடி சிலிண்டரை மூடினேன்; ஜன்னல்களை விரியத் திறந்தேன். வெளியே வந்தபோது இருவரும் கீழ்ப்படித் திருப்பத்தில் நின்றிருந்தார்கள்.

"உனக்கு நாத்தமே வரலையா?"

"வந்துச்சுப்பா. தலைகூட சுத்துச்சு. எழுந்தா முதல்லேருந்து எழுதணுமே."

மனைவியைக் கண்டபடி திட்டத்தான் வாயைத் திறந்தேன். அவள் மகளையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேஸை மூடியாயிற்று; என் பயம் மட்டும் குறையவில்லை, கூடிக்கொண்டே போனது. மகளின் முகம் வெளுத்திருந்தது. கால்கள் தள்ளாடின. சுவரைப் பிடித்துக்கொண்டு எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

"இப்ப நான் உக்காரலாமா?" என்று கேட்டாள்.